யுத்தம் முடியும்வரை

கோசலையக்காவை நம்பவைப்பது இலேசான காரியம் இல்லை. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மரக்கறி வாங்க வந்தால், தராசைத் தன் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டுத்தான் கத்தரிக்காயைத் தொடுவார். தெருவில் யாராவது நோட்டீஸ் நீட்டினால் முன்பக்கத்தைப் பார்க்கமாட்டார். அடியில் சின்ன எழுத்தில் வெளியிட்டவர் பெயர் இருக்கிறதா என்று தேடுவார். "இந்த மனுசி சாமியிட்டையும் அடையாள அட்டை கேக்கும்" என்று எங்கள் ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். பகிடி பண்ணியவர்களைப் பட்டியல் போட்டால் என் பெயர் முதல் வரிசையில் வரும். அதனால்தான் இதை எழுத வேண்டியதும் நானாக இருக்கிறேன்.

என் பெயர் கரிகாலன். பாரிஸுக்கு வெளியே செவ்ரானில் இருக்கிறேன், ஒரு காப்புறுதிக் கம்பனியில் கோப்பு வேலை. எங்கள் ஊர் ஒன்றியத்துக்கு இருபத்திமூன்று வருடமாகச் செயலாளர். ஒன்றியம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஒரே ஊரில் பிறந்து பிரான்சுக்கு வந்து சேர்ந்த நூற்றியெண்பது குடும்பங்கள். வருடத்துக்கு ஒரு பொதுக்கூட்டம், கோடையில் ஒரு ஒன்றுகூடல், யாராவது காலமானால் ஒரு மலர்வளையம். ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு கூட்டக் குறிப்புக் கொப்பி, ஒரு றப்பர் முத்திரை. இதற்குள் என்ன அதிகாரம் கிடக்கிறது என்று சிரிப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் சிரித்தோம்.

கோசலையக்காவுக்கு இப்போது ஐம்பத்தொன்பது வயது. லா கூர்னெவ்வில் நாலாம் மாடியில் வீடு. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஹோட்டலில் அறை துப்புரவை மேற்பார்வை செய்கிறார். பதினொரு பெண்கள் துடைத்துவிட்டுப் போன அறைகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து, மெத்தையைத் தூக்கி, திரைச்சீலைக்குப் பின்னால் விரலை ஓட்டிப் பார்ப்பது அவருடைய தொழில். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரேயொரு தமிழ்ப் பெண் இவர்தான் என்று ஒருமுறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த ஹோட்டலில் எல்லா அறையையும் திறக்கும் சாவி ஒன்று இருக்கிறது. 'பாஸ்' என்பார்கள். இப்போது அது ஒரு பிளாஸ்ரிக் அட்டைதான், ஆனாலும் அக்காவுக்கு அது சாவி. காலை ஏழரைக்கு வரவேற்பு மேசையில் ஒரு பதிவேட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்து வைத்து எடுக்க வேண்டும். பின்னேரம் நாலு மணிக்கு அதேபோல எழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவால் நாடு பூட்டப்பட்டபோது, ஜனாதிபதி தொலைக்காட்சியில் வந்து நாங்கள் போரில் இருக்கிறோம் என்று ஆறு தடவை சொன்னார். ஹோட்டலில் ஆஸ்பத்திரித் தாதிமார் தங்கினார்கள். வரவேற்பு மேசையில் பின்னேரத்தில் ஆள் இல்லை. "போர்க்காலம்தானே, கோசலை, சாவியை வீட்டுக்கே கொண்டுபோ" என்று முகாமையாளர் சொன்னாராம். அக்கா கொண்டுபோகவில்லை. அடுத்த வேலையாள் ஐந்து மணிக்கு வந்து கையெழுத்து வைக்கும்வரை ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் சும்மா குந்தியிருந்தார்.

"அதிலை ஏதும் களவு போனா உங்களைக் கேப்பாங்கள் எண்ட பயமோ?" என்று கேட்டேன்.

"அதில்லைத் தம்பி. ரெண்டு நாள் என்ர வீட்டு மேசையிலை கிடந்தா, அது என்ர சாவி எண்டு எனக்கே எண்ணம் வந்திடும்."

தன்னையே இப்படிச் சந்தேகப்படுகிற ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்த நாட்களில் வெளியே போக நாங்களே எங்களுக்கு எழுதிக் கையெழுத்திட்ட அனுமதித் தாள்கள் இருந்தனவே, அவற்றில் ஒன்றைக்கூட அவர் எறியவில்லை. திகதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். ஊரில் இடத்துக்கு இடம் போக அனுமதிப் பாஸ் எடுத்துப் பிரயாணம் செய்தவருக்கு, தானே தனக்குப் பாஸ் எழுதுகிற நாடு இன்னும் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும்.

இனி 2009 பெப்ரவரிக்கு வருகிறேன். வன்னியில் கடைசி யுத்தம், சனம் செத்துக்கொண்டிருந்தது. இங்கே நாங்கள் வேலை முடிந்த கையோடு ஊர்வலத்துக்கு ஓடினோம், ஊர்வலம் முடிந்து வேலைக்கு ஓடினோம். எங்கள் நிர்வாகக் குழுவில் பதினொரு பேர். பாதிப்பேர் உணவகங்களில் இரண்டு நேர வேலை. ஒரு கடிதத்துக்கு எல்லோரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவருவதற்குள் அங்கே இன்னொரு ஊர் எரிந்துவிடும். ஊர்வல அனுமதிக்குப் பிரெபெக்தூர் அலுவலகத்துக்கு உடனே கையெழுத்து வேண்டும், செஞ்சிலுவைக்கு உடனே மனு வேண்டும், பத்திரிகைக்காரனுக்கு உடனே பதில் வேண்டும்.

எங்கள் தலைவர் தில்லையம்பலத்தண்ணை. லா சப்பலில் தொலைபேசி அட்டை விற்ற கடைக்காரர். இப்போது சூட்கேசும் விற்கிறார். அவரைக் கெட்டவர் என்று நான் எழுதினால் என் கை அழுகிப்போகும். அந்த மூன்று மாதமும் அந்த மனிதர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு ரியூசன் வகுப்பு மண்டபத்தில் கூட்டம் கூட்டி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தலைவர் இனிக் கூட்டம் கூட்டாமலே முடிவெடுக்கலாம். முத்திரையும் குடும்பங்களின் விபரப் பட்டியலும் அவரிடமே இருக்கும். அவருடைய கையெழுத்து ஒன்றே போதும். தேர்தல் இல்லை. இவ்வளவும் யுத்தம் முடியும்வரை.

தீர்மானத்தை எழுதியவன் நான். முன்மொழிந்தவனும் நான். நெருக்கடியில் ஒருவர் கையில் பலம் இருக்க வேண்டும், பதினொரு பேர் விவாதித்துக்கொண்டு நிற்க நேரமில்லை என்று நெஞ்சை நிமிர்த்திப் பேசினேன். இப்போதும் அது முழுப்பிழை என்று நான் சொல்லமாட்டேன்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. பின்வரிசையில் ஒரு கை உயரவில்லை.

"எண்டைக்குத் திருப்பித் தருவியள்?" என்று கேட்டார் கோசலையக்கா.

"யுத்தம் முடிஞ்சவுடனை, தங்கச்சி" என்றார் தில்லையம்பலத்தண்ணை.

"முடிஞ்சுதெண்டு ஆர் சொல்லுறது?"

மண்டபம் கொதித்தது. "அங்கை சனம் சாகுது, இவவுக்கு இஞ்சை திகதிப் பிரச்சினை!" என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர் 'துரோகி' என்றே சொல்லிவிட்டார். அக்கா எழும்பி நின்றார்.

"குடுக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. ஹோட்டலிலை நெருப்பு எண்டா நானும் தீயணைக்க வாறவங்களிட்டைச் சாவியைக் குடுக்கிறனான். ஆரையும் கேட்டுக்கொண்டு நிக்கிறேல்லை. ஆனா நெருப்பு அணைஞ்சவுடனை வாங்கிப்போடுவன். நீங்கள் திகதி போடுங்கோ. மூண்டு மாசம் எண்டு போடுங்கோ. பத்தாட்டித் திரும்ப வந்து கேளுங்கோ, நானே கை உயர்த்துறன்."

யாரும் திகதி போடவில்லை. எதிர்ப்பைக் கொப்பியில் எழுதச் சொன்னார். எழுதுகிறேன் என்று தலையாட்டினேன். என் தலையாட்டலை நம்பாமல் முன்னால் வந்து, என் பேனையை வாங்கி, தன் கையால் எழுதினார். ஹோட்டல் பதிவேட்டில் சாவி எடுத்தவர்தான் கையெழுத்து வைக்க வேண்டும், வேறு யாரும் வைக்கக்கூடாது என்ற பழக்கம். அவர் எழுதியது இதுதான்:

'நான் கை உயர்த்தவில்லை. என் தங்கச்சியின் புருசன் சஞ்சீவனை 2008 ஒக்ரோபர் 14ஆம் திகதி சந்தைக்குப் போன வழியில் ஆமி ஏற்றிக்கொண்டு போனது. அவசரகாலச் சட்டம் என்றார்கள். விசாரணை முடியும்வரை என்றார்கள். அவர் இன்னும் வரவில்லை. முடியும்வரை என்று சொல்லிக் கொண்டுபோன எதுவும் திரும்பி வந்ததை நான் காணவில்லை. கோசலை, 15.02.2009.'

அன்றைக்கு அதை வாசிக்கக்கூட எனக்குப் பொறுமை இருக்கவில்லை. இந்த நேரத்திலும் தன் வீட்டுக் கதையா என்று எரிச்சல்பட்டேன். அடுத்த நாள் தில்லையம்பலத்தண்ணை கூப்பிட்டார். "தம்பி, மற்ற அமைப்புகளுக்கும் இந்தக் குறிப்பைக் காட்டவேணும். ஒற்றுமையில்லாத மாதிரித் தெரியக்கூடாது. புதுக் கொப்பியிலை துப்புரவா ஒருக்கா எழுதும். பழசைக் கிழிச்சுப்போடும்." நான் புதுக் கொப்பி வாங்கினேன். 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். பழையதைக் கிழிக்கவில்லை. அதை வீரம் என்று எண்ண வேண்டாம். ஆறு வருடமாக நான் எழுதிய கொப்பியைக் கிழிக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். வீடு மாறியபோது தொலைந்துவிட்டது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். பொய்.

மே மாதம் யுத்தம் முடிந்தது. எப்படி முடிந்தது என்று நான் எழுதப் போவதில்லை. மூன்று மாதம் கழித்து ஒன்றுகூடலில் அக்கா தலைவரிடம் போனார். "அண்ணை, யுத்தம் முடிஞ்சுது" என்றார்.

"ஆர் சொன்னது முடிஞ்சுதெண்டு?" என்று அவர் திருப்பிக் கேட்டார். சுற்றி நின்ற எல்லோரும் அக்காவை முறைத்துப் பார்த்தோம்.

நாங்கள் செய்த பிழையை அப்போதுதான் நான் கொஞ்சம் உணர்ந்திருக்க வேண்டும். யுத்தம் முடியும்வரை என்று எழுதிவிட்டோம். எங்கள் ஆட்களுக்குள் எவன் எழும்பி நின்று யுத்தம் முடிந்துவிட்டது என்று சொல்வான்? சொன்னவன் தோற்றுப்போனோம் என்று சொன்னவன் ஆகிவிடுவான். அந்த ஒரு வசனத்தைச் சொல்ல யாருக்கும் வாய் வராததால், அதிகாரமும் திரும்பி வரவில்லை. எங்களைத் தவிர வேறு எவரும் தங்கள் கையாலேயே இப்படியொரு பூட்டைச் செய்து தங்கள் கதவிலேயே போட்டிருக்கமாட்டார்கள்.

இலங்கையில் ஜனாதிபதிக்கான அவசரகால அதிகாரத்தைப் பாராளுமன்றம் மாதாமாதம் கை உயர்த்தி நீடித்துக்கொண்டிருந்தது. யுத்தம் முடிந்து இரண்டு வருடம் கழித்து, 2011இல், அதை நீக்கினார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அவங்களே எடுத்துப்போட்டாங்களாம். எங்கட ஒன்றியத்திலை எப்பவாம்?"

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. எங்களை யாருடன் ஒப்பிடுகிறீர்கள் என்று கத்திவிட்டு வைத்தேன். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருக்கிறது என்பதையும், அது மூன்று வருடத்துக்கென்று 1979இல் வந்தது என்பதையும் முதலில் எனக்குச் சொன்னது அக்காதான். 2015இல் பாரிஸில் தாக்குதல் நடந்து இங்கேயும் அவசரகாலம் வந்தபோது, "பாரும், இது முடியேக்கை கொஞ்சத்தைச் சாதாரண சட்டத்துக்குள்ளை விட்டுட்டுத்தான் போகும்" என்றார். அது பிரான்ஸ் அக்கா, இது வேறு நாடு என்றேன். இரண்டு வருடத்தில் அவர் சொன்னபடிதான் நடந்தது. அதன்பிறகு அரசியல் பற்றி நான் அவருடன் கவனமாகத்தான் கதைப்பேன்.

இந்த வருடம் மறுபடியும் போர்ப்பேச்சு. வீட்டில் தண்ணீரும் தகரத்தில் அடைத்த சாப்பாடும் வைத்திருக்கச் சொல்லி அரசாங்கம் ஒரு கையேடு வெளியிட்டதும், லா சப்பலில் சனம் அரிசி மூட்டையைத் தோளில் தூக்கியது. தொலைக்காட்சியில் அறிஞர்கள் பிரெஞ்சு அரசியலமைப்பின் பதினாறாம் சரத்தைப் பற்றி வாதாடினார்கள்: நாடு பெரிய ஆபத்தில் சிக்கினால் ஜனாதிபதி முழு அதிகாரத்தையும் கையில் எடுக்கலாம் என்கிற சரத்து. லா சப்பல் தேநீர்க் கடை ஒன்றில் உட்கார்ந்து அக்காவுக்கு அதை விளக்கினேன்.

"திகதி இருக்கோ?" என்றார்.

"முப்பது நாளைக்குப் பிறகு, இன்னும் தேவையோ எண்டு அரசியலமைப்புச் சபையிட்டைக் கேக்கலாமாம்."

"கேக்கலாமாம். அந்த நேரம் எழும்பிக் கேக்கிறது ஆர்?" கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உம்மை மாதிரி ஆக்களோ?"

நான் பிளேன்ரீயைக் குடித்தேன்.

உண்மையில் அன்று அவர் என்னைத் தேடி வந்தது வேறு விசயமாக. காணாமல்போன சஞ்சீவனின் மகள் நிரோஜினி இரண்டு வருடத்துக்கு முன் பிரான்சுக்கு வந்திருந்தாள். இருபத்திமூன்று வயது. ஊரில் தாயோடு சேர்ந்து, தகப்பனின் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவோரப் போராட்டங்களில் உட்கார்ந்த பிள்ளை. புலனாய்வுக்காரர் வீடு தேடி வரத் தொடங்கியதும் தாய் அனுப்பிவிட்டார். அவளுடைய அகதி விண்ணப்பம் முதல் சுற்றில் நிராகரிக்கப்பட்டது. தகப்பன் அப்படிக் கொண்டுபோகப்பட்டார் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். மேன்முறையீடு மே மாதம் பன்னிரண்டாம் திகதி. அதிலும் தோற்றால் வெளியேறு என்ற கடிதம் வரும். ஊர் ஒன்றியத்தின் கடிதம் ஒன்று இருந்தால் உதவும் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். கடிதம் கொடுக்கக்கூடிய ஒரே கை, பதினேழு வருடமாக முத்திரையை வைத்திருக்கும் தில்லையம்பலத்தண்ணையின் கை.

அக்கா அவருடைய கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். அண்ணை கதிரை போட்டார், தேநீர் எடுப்பித்தார், சஞ்சீவனை நினைத்துக் கண்கலங்கினார். அது நடிப்பு இல்லை.

"கடிதம் தராமல் இருப்பனோ, தங்கச்சி? எங்கட பிள்ளையல்லோ. ஏப்ரல் பன்னிரண்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்குது. வாங்கோ. அது முடியக் கடிதத்தைக் கையிலை தாறன்."

அந்த ஏப்ரல் கூட்டம் எதற்கென்று எங்களுக்குத் தெரியும். இங்கே பிறந்து வளர்ந்த சிலர் ஒன்றியத்துக்குத் தேர்தல் வேண்டுமென்று கடிதம் எழுதியிருந்தார்கள். ஐரோப்பாவே போர் வாசலில் நிற்கும்போது தேர்தல் வைக்கிற நேரமா, பழைய தீர்மானத்தைப் புதுப்பிப்போம் என்பது அண்ணையின் எண்ணம்.

வெளியே வந்ததும் அக்கா நடைபாதையில் நின்றுவிட்டார்.

"அவர் என்ன சொன்னவர்? கை உயர்த்தினாத்தான் கடிதம் எண்டு சொன்னவரோ?"

"அப்பிடியொண்டும் சொல்லேல்லையே அக்கா."

"ஓம், சொல்லேல்லை. சொல்லியிருந்தா ஏலாதெண்டு சண்டை பிடிச்சிருப்பன். இப்ப ஆரோடை சண்டை பிடிக்கிறது?"

கூட்டத்தன்று மண்டபத்தில் அறுபது பேர் இருந்தோம். நிரோஜினி பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தீர்மானத்தை வாசித்தவன் நான்தான், வேறு யார்! 'தற்போதைய போர்ச்சூழல் நீங்கும்வரை' என்று இந்தமுறை எழுதியிருந்தேன். கைகள் உயர்ந்தன. எல்லோரும் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார்கள், எனக்கும் கண் அங்கேதான் போனது. கோசலையக்கா கையை உயர்த்தினார். தோளுக்கு மேலே போகாத கை. ஆனால் உயர்ந்த கைதான். சிலர் கைதட்டினார்கள். "கோசலையே கை உயர்த்தியாச்சு!" என்று யாரோ சந்தோசமாகச் சொன்னார். பதினேழு வருடமாக நான் அந்த மனுசியைப் பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறேன், ஆனால் அந்த ஒரு கை கீழேயே இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்திருக்கிறது. அது போய்விட்டது. 'ஏகமனதாக' என்று எழுதினேன். இந்தமுறை அது உண்மை என்பதுதான் கேவலம்.

கடிதம் கிடைத்தது. நல்ல கடிதம், பெரிய முத்திரை. மொழிபெயர்க்க அக்காவோடும் நிரோஜினியோடும் நானும் சட்டத்தரணியிடம் போனேன். சட்டத்தரணிப் பெண் கடிதத்தை வாசித்தார், கணினியில் எதையோ தட்டித் தேடினார், பிறகு கண்ணாடியைக் கழற்றினார். உங்கள் சங்கம் கடைசியாக நிர்வாகத்தைப் பதிவு செய்தது 2008இல், தலைவரின் பதவிக்காலம் இரண்டு வருடம் என்று உங்கள் சங்க விதிகளே சொல்கின்றன, இந்த மனிதர் எந்த அதிகாரத்தில் கையெழுத்து வைத்திருக்கிறார் என்று கேட்டார். இது ஒரு சங்கத்தின் கடிதம் இல்லை, ஒரு கடைக்காரரின் கடிதம். அதுவும் போன மாதம் எழுதியது. சஞ்சீவன் கொண்டுபோகப்பட்ட காலத்திலேயே யாராவது எழுதிய ஏதாவது இருக்கிறதா என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். எல்லோருக்கும் மேலாக ஒருவரை உயர்த்தி வைத்திருந்த பலம், ஒரு பிள்ளையைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் ஒரு சதத்துக்கும் உதவவில்லை. அந்தக் கடிதத்துக்காகத்தான் அக்கா கையை உயர்த்தியிருந்தார்.

"எழுதினனான்" என்றார் கோசலையக்கா. "2009இலை. என்ர கையாலை, திகதி போட்டு." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தக் கொப்பி துலைஞ்சு போச்சுதெண்டு நீர் சொன்னனீர் என்ன, தம்பி?"

கேள்வி அவ்வளவுதான். திட்டவில்லை. ஹோட்டல் அறையில் மெத்தையைத் தூக்குவதற்கு முன் துப்புரவுப் பெண்களை இப்படித்தான் பார்ப்பார் போலிருக்கிறது. நிரோஜினி என்னைப் பார்க்காமல் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்குது அக்கா" என்றேன். "துலையேல்லை. நான் பொய் சொன்னனான்."

அன்று பின்னேரமே செவ்ரானில் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அதை இறக்கினேன். அந்தப் பக்கத்தை முதல்முறையாக ஒழுங்காக வாசித்தேன். பெயர், திகதி, இடம், கொண்டுபோனவர்கள், சொன்ன காரணம் எல்லாம் இருந்தது, சம்பவம் நடந்து நாலு மாதத்துக்குள் எழுதியது. அதற்கு முன்னால் என் கையெழுத்தில் ஆறு வருடக் கூட்டங்கள், அதே பக்கத்தில் மேலே அன்றைய தீர்மானம். எவனும் இதைப் பிறகு செருகியது என்று சொல்ல முடியாது. நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

அடுத்த நாள் கொப்பியைக் கொடுத்தபோது அக்கா ஒரு துண்டுத் தாளை நீட்டினார். 'கரிகாலனிடமிருந்து ஒன்றியத்தின் பழைய கூட்டக் குறிப்புக் கொப்பி ஒன்று பெற்றுக்கொண்டேன். மே 15 வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரைக்குத் திருப்பித் தருவேன். கோசலை.' நான் கேட்காமலே எழுதித் தந்தார். நான் அதைப் பொக்கற்றில் வைத்து மறந்துவிட்டேன்.

மேன்முறையீட்டில் நீதிபதி அந்தப் பக்கத்தைப் பற்றி அரை மணித்தியாலம் கேட்டார். ஏன் ஒரு சங்கக் கூட்டத்தில் இதை எழுதினீர்கள் என்று சாட்சியாக வந்த அக்காவிடம் கேட்டாராம். "தலைவருக்குக் குடுக்கிற சாவிக்குத் திகதி கேட்டனான். ஏன் கேக்கிறன் எண்டு காரணம் எழுதினனான்" என்றாராம். மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. நிரோஜினிக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது, தீர்ப்பில் அந்தத் திகதியும் அந்தக் கொப்பியும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருந்தன.

ஆனால் நான் சொல்ல வந்தது தீர்ப்புக்கு முன் நடந்தது. மே 15, வெள்ளிக்கிழமை, நாலரை மணி. தேநீர்க் கடைக்கு அக்கா வேலை உடுப்போடேயே வந்தார். ஹோட்டல் சலவைப் பை ஒன்றில் சுற்றிய கொப்பியை மேசையில் வைத்தார்.

"தீர்ப்பு இன்னும் வரேல்லையே அக்கா. வச்சிருங்கோ. திரும்பக் கேட்டாங்களெண்டால்?"

"கேட்டா உம்மட்டை வந்து திரும்பக் கேப்பன். இண்டைக்குத்தான் திகதி."

"எனக்கென்ன அவசரம்? பிள்ளையின்ர அலுவல் முடியும்வரை..."

சொல்லும்போதே என் வாய் நின்றுவிட்டது. அக்கா என் பொக்கற்றில் கிடந்த அந்தத் துண்டுத் தாளைக் கேட்டு வாங்கி, 'திருப்பிக் கொடுத்தேன், 4.35' என்று எழுதி, என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். ஐந்து நிமிடம் பிந்தியதற்கு ரயிலைத் திட்டினார்.

அவர் போனபிறகு கொப்பியைத் திறந்தேன். 2009இல் எழுதியதற்குக் கீழே, இருந்த இடைவெளியில், நீல மையில் புதிதாக மூன்று வரி.

'12.04.2026 கூட்டத்தில் கை உயர்த்தினேன். நிரோஜினியின் கடிதத்துக்காகப் பயந்து உயர்த்தினேன். அதைச் சம்மதம் என்று எழுத வேண்டாம். கோசலை.'

நான் ஏற்கெனவே 'ஏகமனதாக' என்று எழுதியிருந்தேன். தேநீரைக் குடிக்காமல் எழும்பினேன். தில்லையம்பலத்தண்ணையின் கடை அங்கிருந்து இருநூறு மீற்றர். அவர் வாசலில் சூட்கேசுகளை வெளியே இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். கையில் இருந்த கொப்பியைக் கண்டதும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"வாரும் தம்பி, என்ன விசயம்?"

பதினேழு வருடம் பிந்திவிட்டது என்று தெரியும்.

"அண்ணை," என்றேன், "எண்டைக்குத் திருப்பித் தருவியள்?"